மீட்டர் மாட்டினால் மாசு குறைந்துவிடுமா? ஆலைக் கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களின் ஆலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் சென்சார் பொருத்தி, அளவுகளை உடனுக்குடன் அனுப்ப வேண்டும் என்று 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. நல்ல முடிவுதான். அதிகாரி எப்போதாவது வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவதைவிட, இரவும் பகலும் ஒரு கருவி பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவோ மேல். ஆனால் கருவி பொருத்தியதையே மாசைக் குறைத்ததாகக் கணக்கு எழுதுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சூரத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே நிலக்கரி எரிக்கும் சுமார் 300 ஆலைகளில் கருவிகள் பொருத்தப்பட்டன. பெரும்பாலும் துணி ஆலைகள். 2019-ல் குலுக்கல் முறையில் ஏறக்குறைய பாதி ஆலைகளை மட்டும் ஒரு சந்தைக்குள் கொண்டுவந்தார்கள். எல்லோரும் சேர்ந்து இவ்வளவு புகைத்தூள்தான் விடலாம் என்று ஒரு உச்சவரம்பு. அதிகம் விடுகிறவர், குறைவாக விடுகிறவரிடம் அனுமதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மீதி ஆலைகளுக்குப் பழைய விதிகளே. சந்தைக்குள் இருந்த ஆலைகளின் தூசி மற்றவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. கருவி இரு தரப்பிலும் இருந்தது. அது காட்டிய எண்ணுக்கு விலை இருந்தது ஒரு தரப்பில் மட்டும்தான்.

சரி, அந்த எண்ணை நம்பலாமா? குஜராத்திலேயே அதற்கு முன்பு நடந்த ஒரு சோதனை இதற்கு விடை சொல்கிறது. சுற்றுச்சூழல் தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுத்து ஆலையே பணம் கொடுத்தபோது, அறிக்கைகள் வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே வந்து நின்றன. குலுக்கலில் ஆளை ஒதுக்கி, பொது நிதியிலிருந்து கட்டணம் கொடுத்ததும் உண்மை வெளியே வந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. சென்சாரை வாங்குவதும் பராமரிப்புக்கு ஆள் வைப்பதும் இன்றும் ஆலையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. கொள்கை வகுப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது என்பேன்.

ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. கழிவுநீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு தேவைதான். அப்புறம் என்ன ஆனது? கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகின்றன. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்ற சிக்கல் வேறு. வெளியேற்றம் பூஜ்யம் என்று காட்டும் அதே திரையில் கரண்ட், விறகு, உப்பு மூன்றின் கணக்கும் தெரிய வேண்டும்.

அடுத்து வரப்போவது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட், அதாவது ஒரு பொருள் எதிலிருந்து, எப்படி உருவானது என்பதைச் சொல்லும் மின்னணுப் பதிவு. அதற்கான சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. முதலில் குறிவைக்கப்பட்ட பொருள்களில் ஆடையும் ஒன்று. ஒரு பனியன் எந்த நூலில், எந்தச் சாயத்தில் உருவானது என்ற தகவலை ஏற்றுமதியாளர் தன் ஜாப் ஒர்க் பட்டறைகளிடம்தான் கேட்பார். பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறையில் இதற்கென்று கணினியும் ஆளும் வைக்க முடியாது. செலவை அவர்கள் தலையில் கட்டினால், படிவம் நிரம்பும், தகவல் பொய்யாகும். பல சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஏற்கெனவே பட்டறைவாரியாகக் கழிவுநீரை அளக்கிறார்கள். அந்தக் கணக்கையே பாஸ்போர்ட்டுக்கும் எடுத்துக்கொள்ளும்படி அரசு இப்போதே ஏற்பாடு செய்யலாம்.