காது வலி நின்ற பிறகுதான் கவனம் வேண்டும்

ஐப்பசி மழை ஆரம்பித்தால் பெரம்பூரில் எங்கள் கிளினிக்குக்குச் சளியோடு காதைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தைகள் கூடிவிடுவார்கள். போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்) பெண் ஒரு அம்மாவிடம், "மருந்து முடிஞ்சதும் சரியாயிடும், வலி வந்தா மட்டும் வாங்க" என்று சொல்லி அனுப்பப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன், அவளுக்கும், வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கும். பட்ஸ் விடாதே, ஊக்கு விடாதே என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம். அடிக்கடி நடக்கும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வலி போனதும் காது சரியாகிவிட்டது என்று நினைப்பது

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காது, காற்று நிரம்பிய சின்ன அறை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியாக அங்கே காற்று போகிறது. குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டை, கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருக்கும், சளி பிடித்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தொற்று அடங்கி, காய்ச்சலும் வலியும் போன பிறகும் உள்ளே நீர் தேங்கி நிற்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் 10 குழந்தைகளில் சுமார் 4 பேருக்கு அது இருக்கும். 3 மாதத்தில் பெரும்பாலோருக்குத் தானாக வற்றிவிடும், 10-ல் ஒருவருக்கு வற்றாது. அந்த ஒருவரைத்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

இந்த நீர் பெரும்பாலும் வலிக்காது, ஆனால் சத்தத்தைச் சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் குறைத்துவிடும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, மின்விசிறி இரைகிற வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், டீச்சர் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது.

நான் அப்படி அனுப்பிய பையனுக்கு அப்போது நாலு வயது. ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தான். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான் மேடம், அவ்வளவு கொழுப்பு" என்றார் அம்மா. பள்ளி டைரியில் பக்கத்துக்குப் பக்கம் 'கவனமில்லை'. டிவி சத்தத்தைக் கூட்டியதற்கு அப்பாவிடம் அடி வேறு. செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று கோடாக வரைந்து காட்டும் டிம்பனோமெட்ரி செய்தேன், இரண்டு காதுக்கும் கோடு மேடே இல்லாமல் தட்டையாக வந்தது, உள்ளே நீர் நிற்கிறது என்று அர்த்தம். பேச்சில் சொற்களின் கடைசி எழுத்துகளை விழுங்கினான். ஒன்றரை வருடம் காது மந்தமாகி, அதற்காகவே திட்டும் வாங்கியிருக்கிறான். அன்று மறுபடி வந்து காட்ட ஒரு தேதி எழுதிக் கொடுத்திருந்தால் போதும், நான் எழுதவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அது என்னை உறுத்துகிறது. இ.என்.டி. டாக்டர் செவிப்பறையில் கிராமெட் என்ற சின்னக் குழாய் வைத்த இரண்டாவது வாரம், "மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிறான்" என்று அந்த அம்மா அழுதார். பேச்சு சரியாக இன்னும் ஒரு வருடப் பயிற்சி தேவைப்பட்டது.

ஆகவே வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3 மாதத்தில் டிம்பனோமெட்ரியும் கேட்டல் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஏற்கெனவே பேச்சு தாமதமான குழந்தை, அண்ணப்பிளவு அல்லது டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் அந்த 3 மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கைதட்டிப் பார்த்து முடிவு செய்வது

கைதட்டல் பெரிய சத்தம். நீர் தேங்கிய காதுக்கும் அது கேட்கும், குழந்தை திரும்பும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவை வைத்தே பதில் சொல்லிவிடுவார்கள். பின்னால் நின்று மெதுவாக "பிஸ்கட் வேணுமா?" என்று கேளுங்கள். இன்னொன்று, இந்தக் குறை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நேற்று கேட்டவன் இன்று கேட்காததுபோல் இருந்தால், வேண்டுமென்றே செய்கிறான் என்று தயவுசெய்து அடிக்காதீர்கள்.

சளி மருந்தை மாதக்கணக்கில் கொடுப்பது

தேங்கிய நீரை அது வற்ற வைக்காது.

அண்ணனுக்கு வாங்கிய சொட்டு மருந்தைத் தம்பிக்கு விடுவது

செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் உள்காதுவரை போய் நிரந்தரமாகக் கேட்கும் திறனைக் கெடுக்கலாம். எந்தச் சொட்டு என்பதைக் காதைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஒழுகும் காதில் எண்ணெய்

வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சியதும் வேண்டாம்.

நாற்றமடிக்கும் சீழைத் தள்ளிப்போடுவது

இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினாலோ நாற்றம் அடித்தாலோ இ.என்.டி. டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், எலும்பை அரிக்கும் வகை நோய் உள்ளே இருக்கலாம். காதின் பின்னால் வீக்கம், முகம் ஒருபக்கம் கோணுவது, தலைசுற்றல் என்றால் அன்றைக்கே கிளம்புங்கள். காசை யோசித்துத் தயங்க வேண்டாம், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் அரசு ஆஸ்பத்திரி ஜி.எச். இருக்கிறது.

கிராமெட்டுக்குப் பயப்படுவது

"செவிப்பறையில ஓட்டை போட்டா செவிடாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது பொட்டு அளவுகூட இல்லாத குழாய், நடுக்காதுக்குக் காற்று போக வழி செய்கிறது. பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டித் தானாக விழுந்துவிடும், ஓட்டையும் அநேகமாகத் தானே மூடிக்கொள்ளும்.