ஆர்ல் நகரில் வான்காவின் தடம் தேடி நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள ஆர்ல் நகருக்கு 1888 பிப்ரவரியில் வந்து சேர்ந்த வின்சென்ட் வான்கா, மறு ஆண்டு மே மாதம் அங்கிருந்து கிளம்புவதற்குள் ஏறக்குறைய 200 ஓவியங்களைத் தீட்டிவிட்டார். அவர் நின்று வரைந்த இடங்களை வழிகாட்டியுடன் நடந்து பார்ப்பதற்காகவே இன்று பலர் அங்கே போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ஓவியத்தில் கண்டதை அப்படியே தெருவில் தேடுவது. அது கிடைக்காதபோது ஏமாற்றம் அடைகிறார்கள். கிடைத்ததுபோல் தோன்றும்போது அதைவிடப் பெரிதாக ஏமாந்துபோகிறார்கள்.

ஃபோரம் சதுக்கத்தில் இருக்கும் காப்பிக் கடை இதற்குச் சரியான சான்று. 1888 செப்டம்பரில் வான்கா அதன் வெளிப்புறத்தை இரவில் வரைந்தார். அந்த ஓவியத்தில் சுவரும் பந்தலும் கந்தக மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணம் சுவரில் பூசிய வண்ணம் அல்ல, அங்கே எரிந்த பெரிய எரிவாயு விளக்கு. கறுப்பே சேர்க்காமல் நீலம், ஊதா, பச்சை ஆகியவற்றைக் கொண்டே இரவைத் தீட்டியதைத் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவர் மகிழ்ச்சியோடு விவரித்திருக்கிறார். ஆனால் பிற்காலத்தில் ஓவியத்தைப் போலத் தெரியவேண்டும் என்பதற்காகக் கடையின் சுவருக்கே மஞ்சள் பூசிவிட்டார்கள். பட்டப்பகலில் அந்தச் சுவரின் முன்னால் நின்று, வான்கா கண்ட மஞ்சள் இதுதான் என்று நம்பித் திரும்புபவர், விளக்கொளியை வண்ணமாக மாற்றிய அவருடைய சாதனையையே தவறவிடுகிறார். அதே செப்டம்பரில் அவர் வரைந்த ‘இரவுக் காப்பிக் கடை’ என்னும் ஓவியத்தை இதனோடு குழப்பிக்கொள்வதும் வழக்கமாக நடக்கிறது. சிவப்பும் பச்சையும் மோதும் அந்த உள்ளறை, ரயில் நிலையத்துக்கு அருகில் லமார்தீன் சதுக்கத்தில் இருந்த வேறொரு கடையைச் சேர்ந்தது. அந்தக் கடை இன்று இல்லை.

லமார்தீன் சதுக்கத்தில்தான் அவர் குடியிருந்த மஞ்சள் வீடும் இருந்தது. 1944 ஜூன் 25 அன்று நேச நாடுகளின் விமானங்கள் வீசிய குண்டுகளால் அது சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது. வீடுதான் இல்லையே என்று அந்த இடத்தைத் தவிர்த்துவிடக் கூடாது. ஓவியத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்று பாருங்கள்: வீட்டுக்குப் பின்னால் அவர் வரைந்த உயரமான கட்டடம் இன்னும் நிற்கிறது, வலப்பக்கம் தெரியும் ரயில் பாலமும் அதே திசையில் இருக்கிறது. இவை இரண்டையும் வைத்து, காலியான அந்த மூலையில் வீடு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கும் என்பதை நீங்களே கணித்துவிடலாம். எல்லாம் அப்படியே எஞ்சியிருக்கும் இடங்களைவிட இந்த மூலையே என்னை அதிகம் கவர்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ரோன் ஆற்றின் கரை வருகிறது. ‘ரோன் ஆற்றின் மேல் விண்மீன்கள் நிறைந்த இரவு’ வரையப்பட்ட இந்த இடத்தைப் பகல் நடையோடு சேர்த்து முடித்துவிடுவது பெரிய இழப்பு. இருட்டிய பிறகு தனியே ஒருமுறை வந்து, ஓவியத்தில் உள்ளபடி ஆறு வளைந்து செல்லும் தென்மேற்குத் திசையை நோக்கி நிற்க வேண்டும். ஓவியத்தின் வானில் சப்தரிஷி மண்டலம் தெளிவாகத் தெரிகிறது. உண்மையில் அது வடக்கே, அதாவது பார்ப்பவரின் முதுகுப்புறம்தான் இருக்கும். தனக்குப் பின்னால் இருந்த வானத்தை எடுத்து, முன்னால் இருந்த நீரின் மேல் வைத்திருக்கிறார் வான்கா. இரவில் அங்கே நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு மட்டுமே இது புலப்படும்.

மூல ஓவியங்களை ஆர்ல் நகரிலேயே பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். காப்பிக் கடை ஓவியம் நெதர்லாந்தின் ஒட்டர்லோவில் இருக்கிறது. ரோன் ஆற்று ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆர்ல் நகரில் 2014இல் திறக்கப்பட்ட வான்கா அறக்கட்டளையின் காட்சிக்கூடத்துக்கு அவருடைய படைப்புகள் இரவலாகத்தான் வருகின்றன. ஆகவே ஓவியங்களின் நல்ல தரமான நகல்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

1888 டிசம்பர் 23 இரவு அவர் தன் காதை அறுத்துக்கொண்ட கதையை மட்டுமே விரித்துச் சொல்லும் வழிகாட்டிகளிடம் கவனமாக இருங்கள். அவர் சிகிச்சை பெற்ற பழைய மருத்துவமனை இன்று பண்பாட்டு மையமாக இருக்கிறது. அதன் முற்றத்துத் தோட்டத்தை அவர் வரைந்த ஓவியத்தைப் பார்த்தே மறுபடி அமைத்திருக்கிறார்கள். ஓவியம் மேல்தளத்திலிருந்து கீழே பார்த்து வரையப்பட்டது. முற்றத்தின் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டால் அந்தக் கோணம் ஒருபோதும் அகப்படாது.

வான்காவை மட்டுமே நினைத்து நடப்பதும் ஒரு குறைதான். 1888 அக்டோபர் 23 அன்று ஆர்ல் வந்து சேர்ந்த ஓவியர் பால் காகினும் அவரும் அலிஸ்காம் என்னும் ரோமானிய இடுகாட்டில் ஒரே காலத்தில் வரைந்தார்கள். காகின் பழைய தேவாலயத்தின் கோபுரத்தையும் இலையுதிர்கால மரங்களையும் தேர்ந்தெடுத்தார். வான்காவோ கல் சவப்பெட்டிகளுக்கு இடையிலான பாதையை வரையும்போது, ஓரத்தில் ரயில் பட்டறைகளின் புகைபோக்கிகளையும் விட்டுவைத்தார். அந்தப் பட்டறைகள் இருந்த நிலத்தில் இன்று லூமா கலை வளாகமும், ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2021இல் திறக்கப்பட்ட கோபுரமும் நிற்கின்றன. அழகைக் கெடுக்கிறது என்று கோபுரத்தைத் தவிர்த்துப் படம் எடுப்பவர்கள், வான்கா தன் காலத்துத் தொழிற்சாலையை ஓவியத்திலிருந்து நீக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நகருக்கு வெளியே ‘வான்கா பாலம்’ என்று காட்டப்படும் தூக்குப்பாலம் அவர் வரைந்த லாங்லுவா பாலம் அல்ல; அதே வகையைச் சேர்ந்த வேறொரு பாலத்தைக் கொண்டுவந்து, பழைய பாலம் இருந்த இடத்திலிருந்து தள்ளி நிறுவியிருக்கிறார்கள். அரை நாளே கையில் இருந்தால் அதை விட்டுவிட்டு, அந்த நேரத்தை அலிஸ்காமுக்குக் கொடுக்கலாம். சுழலும் வானமும் சைப்ரஸ் மரமும் உள்ள புகழ்பெற்ற ‘விண்மீன் இரவு’ ஆர்ல் நகரில் வரையப்பட்டதல்ல. அது 1889 ஜூனில் அருகிலுள்ள சான் ரெமி என்னும் ஊரின் மனநல விடுதியில் தங்கியிருந்தபோது தீட்டியது என்பதால், அதற்கு வேறொரு நாளை ஒதுக்கிப் பேருந்திலோ காரிலோ போக வேண்டியிருக்கும்.