பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்

பேனலில் நிழல் விழக் கூடாது, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சோலார் பேக்கப் அமைப்பவர்கள் திரும்பத் திரும்பப் பணத்தை இழப்பது வேறு இடத்தில்.

மெல்லிய கேபிள்

1000 வாட் லோடு, 230 வோல்ட் பக்கத்தில் 4 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். அதே லோடுக்கு 12 வோல்ட் பேட்டரி 90 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் பழகிய கண்ணுக்கு 10 ஸ்கொயர் எம்எம் கேபிள் தடிமனாகத்தான் தெரியும். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று அதை இழுத்தால் மின்தடை சுமார் 11 மில்லிஓம். 90 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 90 வாட் வெறும் சூடாகிறது.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் கரண்ட் பல மடங்கு எகிறும். பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும். இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேருவதோ 10 சொச்சம். 'லோ பேட்டரி' என்று கத்திவிட்டு நின்றுவிடும். உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிப் புதிது வாங்குகிறார்கள். அதுவும் அதே கேபிளில் அதே மாதிரி கத்தும். நல்ல பேட்டரி பழைய விலைக்குப் போவதைப் பார்க்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். முழு லோடு ஓடட்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், லக்கின் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) மேல் அல்ல. மறுமுனை இன்வெர்ட்டரின் பிளஸ் போல்ட்டில். மீட்டர் காட்டுவது அந்த வழியில் நீங்கள் இழப்பது. மைனஸ் பக்கமும் இப்படியே. இரண்டும் சேர்ந்து 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு கேபிளிலோ இணைப்பிலோ இருக்கிறது.

இன்வெர்ட்டரை 1.5 மீட்டருக்குள் கொண்டுவந்து 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டால் இழப்பு 0.15 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். தட்டிய லக் நாளடைவில் தளர்ந்து சூடாகும், அதையொட்டிய கேபிள் உறை காய்ந்து இறுகிப்போகும். லக்குக்கும் பேட்டரிக் கம்பத்துக்கும் நடுவே வாஷர் வைப்பதும் தவறு. செம்பு ஈயத்தில் நேராக உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே.

இன்னும் வாங்கவில்லையா? 24 வோல்ட்டுக்குப் போங்கள். அதே கேபிளில் கரண்ட் பாதி, சூடு கால்வாசி.

ஃப்யூஸ் இல்லாமை

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் டிசி ஃப்யூஸ் வேண்டும். மேலே சொன்ன 35 ஸ்கொயர் எம்எம் கேபிளுக்கு 125 ஆம்பியர். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் வழியில் உள்ள கேபிளைக் காப்பாற்றாது.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்ப்பது

கூடாது. பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

முழு ஆம்பியர்-அவரை (பேட்டரியின் கொள்ளளவு) கணக்கில் எடுப்பது

12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் தாளில் 1800 வாட்-அவர். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிதான் எடுக்கலாம். இன்வெர்ட்டர் இழப்பும் போக 800 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் வரிசை

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

இரு பக்கமும் பிளக் உள்ள வயர்

இன்வெர்ட்டர் மின்சாரத்தை அப்படிச் சுவர் சாக்கெட்டில் செருகினால் அது வெளி லைனுக்கும் ஏறும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். வெளி லைன், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் சேர்க்கவே கூடாது.