அணைவுச் சேர்மங்களில் டி-எலக்ட்ரான்களை எண்ணும் முறை

அணைவுச் சேர்மம் என்பது ஒரு மைய உலோகத்தைச் சுற்றி ஈனிகள் எனப்படும் அயனிகளோ மூலக்கூறுகளோ பிணைந்திருக்கும் சேர்மம். முதலில் மைய உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கண்டறிந்து, அதை அவ்வுலோகத்தின் தொகுதி எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். கிடைப்பதே டி-எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. இதற்குத் தொகுதிகளை 1 முதல் 18 வரை எண்ணிட்ட தனிம வரிசை அட்டவணையே ஏற்றது. ரோமன் எண்களுடைய பழைய அட்டவணையை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பொட்டாசியம் பெர்ரோசயனைடை எடுத்துக்கொள்வோம். நான்கு பொட்டாசியம் அயனிகள் இருப்பதால் அணைவு அயனியின் மின்சுமை −4. ஆறு சயனைடு ஈனிகளின் மொத்த மின்சுமை −6 என்பதால் இரும்பு +2 நிலையில் உள்ளது. இரும்பு 8ஆம் தொகுதி; 8 − 2 = 6. பெர்ரிசயனைடில் இரும்பு +3 என்பதால் விடை 5. அம்மோனியா, நீர், கார்பன் மோனாக்சைடு ஆகிய ஈனிகளுக்கு மின்சுமை இல்லை.

பலர் தடுமாறும் இடம் 4எஸ் ஆர்பிட்டால். தனித்த இரும்பு அணுவில் 3டி-யில் ஆறும் 4எஸ்-இல் இரண்டும் இருப்பதைப் பார்த்து, ஆறிலிருந்து இரண்டைக் கழித்து 4 என எழுதிவிடுகிறார்கள். அயனியாகும்போது முதலில் வெளியேறுபவை 4எஸ் எலக்ட்ரான்களே. 3டி-யின் ஆறும் அப்படியே நிற்கின்றன. எலக்ட்ரான் எதையும் இழக்காத உலோகத்திலும் 4எஸ்-ஐத் தனியே எண்ணக் கூடாது. நிக்கல் டெட்ராகார்பனைலில் நிக்கலின் ஆக்சிஜனேற்ற எண் 0. தனித்த அணுவின் அமைப்பை அப்படியே எடுத்தால் 8 என்று தோன்றும், ஆனால் சரியான விடை 10. நான்முகி வடிவச் சேர்மத்தில் எட்டு டி-எலக்ட்ரான்கள் மட்டும் இருந்தால் அவற்றில் இரண்டு இணையாமல் நின்று பாராகாந்தத் தன்மையை (காந்தப் புலத்தால் ஈர்க்கப்படும் இயல்பை) தந்திருக்கும். இச்சேர்மமோ டயாகாந்தத் தன்மை உடையது, அதாவது இதில் இணையாத எலக்ட்ரான் எதுவும் இல்லை. குரோமியம், தாமிரம் ஆகியவற்றின் விதிவிலக்கான எலக்ட்ரான் அமைப்புகளை இதற்காக மனப்பாடம் செய்யவும் தேவையில்லை: +3 குரோமியத்துக்கு 6 − 3 = 3, +2 தாமிரத்துக்கு 11 − 2 = 9.

பின்சேர்க்கை: சோடியம் நைட்ரோபுருசைடு பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதில் நைட்ரோசில் ஈனியை வழக்கமாக +1 எனக் கொள்கிறோம். ஐந்து சயனைடுகளுக்கு −5, அணைவு அயனிக்கு −2 என்பதால் இரும்பு +2, டி-எலக்ட்ரான்கள் 6. இன்னொருவர் பெர்ரோசயனைடுக்கு 18 என்று எழுதியிருந்தார். அது ஆறு ஈனிகளும் வழங்கும் 12 எலக்ட்ரான்களையும் சேர்த்த மொத்த இணைதிற எலக்ட்ரான் எண்ணிக்கை, டி-எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அன்று.