கரண்ட் பில், சிலிண்டர் உதவிக்குப் பணம் திரட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

குளிர் நாடுகளில் ஏழைக் குடும்பங்கள் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள ஆகும் பில்லைக் கட்டுவதற்கென்றே நன்கொடை திரட்டி உதவுகிறவர்கள் உண்டு. நம் டெல்டாவில் அந்தச் செலவு இல்லை, ஆனால் அடைமழை மாதங்களில் அடுப்பும் விளக்கும் எரியப் பணம் இல்லாத வீடு எல்லா ஊரிலும் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சிலிண்டரும் கரண்ட் பில்லும் கட்டிவருகிறோம். பட்டுத்தான் பலவற்றைக் கற்றுக்கொண்டோம், அதனால் சொல்கிறேன்.

முதல் தவறு, மழை கொட்டி, தண்ணீர் புகுந்து, படம் பார்த்து மனசு இளகிய பிறகு வசூலுக்குக் கிளம்புவது. புரட்டாசியில் குறுவை அறுப்பு முடியும், ஐப்பசியோடு சம்பா நடவு வேலையும் ஓயும், அப்புறம் தை அறுப்பு வரைக்கும் கூலி வேலை பெரிதாகக் கிடையாது, அந்தத் தை அறுப்பையும் இப்போது பெரும்பாலும் மெஷின்தான் செய்கிறது. கையில் காசு இல்லாத அதே மாதங்களில்தான் விறகும் நனைந்து கிடக்கும். ஒரு கார்த்திகையில் நான் போன வீட்டில் ஒரு பாட்டி ஈரக் கருவேல விறகையும் தென்னை மட்டையையும் வைத்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிகிறது, பக்கத்திலேயே ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு தரும் உஜ்வலா இணைப்பில் வந்த கேஸ் சிலிண்டர் காலியாக நிற்கிறது, அதன் மேல் ஒரு துண்டை விரித்து அரிசிப் பானையை வைத்திருக்கிறார். "எடுத்தா நல்லாத்தான் இருக்கும் தம்பி, மொத்தமா காசு வேணும்ல" என்றார். அந்த 'மொத்தமா' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. உஜ்வலா இணைப்புக்கு மத்திய அரசு 2023 அக்டோபரில் மானியத்தை 300 ரூபாயாக உயர்த்தியது, ஆனால் அது சிலிண்டர் எடுத்த பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும், வாசலில் முழு விலையையும் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஆவணியிலேயே வசூலை முடித்து, ஐப்பசி பிறப்பதற்குள் சிலிண்டர் பதிவு செய்துவிடுங்கள். மானியம் எந்தக் கணக்குக்குப் போகிறது, ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள், எங்கள் ஊரில் மானியம் வராத பல வீடுகளுக்கு இந்தச் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

இரண்டாவது, கவரில் போட்டுப் பணமாகக் கொடுப்பது. நாங்களும் முதல் வருஷம் அப்படித்தான் கொடுத்தோம். பாதி வீட்டில் அந்தப் பணம் குழுக்கடன் தவணைக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தவணைக்காரர் காலையிலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கரண்ட் பில் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். மின் இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அந்த வீட்டின் பில்லை நேரடியாகக் கட்டலாம், ரசீதை அந்த வீட்டில் கொடுத்துவிடலாம். பீஸைப் பிடுங்கிய பிறகு கட்டினால் மறு இணைப்புக் கட்டணமும் சேரும், ஆகவே கடைசித் தேதிக்கு முன்னால் கட்டுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பில் ஏன் அவ்வளவு வந்தது என்று பார்க்காமல் கட்டுவது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி உள்ள வீட்டுக்குப் பெரிய பில் வர வாய்ப்பே குறைவு. வந்தால் மீட்டரைப் பாருங்கள். மன்னார்குடி, கும்பகோணம் மாதிரி ஊர்களில் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடும், இலவச 100 யூனிட் ஒரு தடவைதான் கழியும், எல்லாருடையதும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் பட்டியலே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதலாகப் போடுவார்கள். அதற்கு மேல் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் இஷ்டத்துக்கு வாங்குவார். அங்கே நீங்கள் கட்டும் நன்கொடை மாதாமாதம் வீட்டுக்காரர் பைக்குத்தான் போகும். அவரிடம் உட்கார்ந்து பேசி, தனி மீட்டருக்கு விண்ணப்பிக்க வைத்து, அந்தச் செலவில் ஒரு பங்கை நிதியிலிருந்து கொடுங்கள், ஒரு தடவை செலவோடு முடிந்துவிடும்.

படம் எடுக்காதீர்கள். சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கவைத்து எடுக்கும் படத்தை அந்த வீட்டுப் பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்ப்பான். கொடுத்தவர்களுக்குக் கணக்குத்தானே வேண்டும்? ரசீதில் பெயரை மறைத்து அனுப்பினால் போதும்.

கணக்கு என்றதும் ஒன்று. ஒருவருடைய சொந்த ஜிபேயில் எல்லாப் பணத்தையும் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாளைக்கு அவருக்குத்தான் கெட்ட பெயர். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆசையாக அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும், அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

"இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வரும் மெசேஜை நம்பி யாராவது பதறி ஓடிவந்தால், முதலில் இணைப்பு எண்ணைப் போட்டு நிஜமாகவே பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது மோசடி.

அப்புறம் டியூப். பல மாதம் சும்மா கிடந்த அடுப்பில் புதுச் சிலிண்டரை மாட்டுகிறோம், ரப்பர் டியூப்பை எலி கடித்திருக்கும், இல்லையென்றால் வெடித்து இறுகிப் போயிருக்கும். அந்தப் பாட்டி வீட்டில் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை, சிலிண்டர் கொண்டுவந்த பையன்தான் வாசனை பிடித்துச் சட்டென்று அடைத்தான். இப்போது ஒவ்வொரு சிலிண்டரோடும் ஒரு புது டியூப்புக்கான பணத்தையும் சேர்த்தே எடுத்துவைக்கிறோம்.