பழைய டியூப் டி.வி.யில் படத்தைத் தெளிவாக்குவது எப்படி?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பல வீடுகளில் டியூப் டி.வி. இன்னும் இருக்கிறது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச கலர் டி.வி. திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகளும் அதில் அடக்கம். படம் மங்கிவிட்டது என்று எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கிப் பாருங்கள். பல பெட்டிகளில் டியூப் நன்றாகவே இருக்கும். இணைப்பும் செட்டிங்கும்தான் தப்பாக இருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்மூடியைக் கழற்றாதீர்கள். 21 அங்குல டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் சுமார் 25,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். கீழே நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் மூடியைத் திறக்காமலே செய்யக்கூடியவை.

டி.வி.யைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறாத டியூபைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அந்த நேரத்தில் பெட்டி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழக்கூடாது. சுவர் அலமாரிக்குள் திணித்து வைத்திருந்தால் வெளியே இழுங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் பின்பக்கம் காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் சீக்கிரம் கெடும். மூலையில் பச்சையாகவோ ஊதாவாகவோ திட்டு தெரிந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், அதிலுள்ள காந்தம்தான் காரணமாக இருக்கும். படம் லேசாக ஆடினால் இன்வெர்ட்டரையோ ஸ்டெபிலைசரையோ தள்ளி வைத்துப் பாருங்கள். காந்தத்தை அகற்றியும் திட்டு போகவில்லையா? மெயின் சுவிட்சை அணைத்து, அரைமணி நேரம் கழித்துப் போடுங்கள். அப்போது டியூபில் ஏறிய காந்தத்தன்மையைப் போக்கும் கம்பிச்சுருள் உள்ளே ஒரு கணம் வேலை செய்யும். ரிமோட்டில் அணைத்தால் பெரும்பாலான பெட்டிகளில் இது நடக்காது.

அடுத்து டியூபின் உடல்நிலை. மெனுவில் கலரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் சுத்தமான கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் நல்ல டியூப். வெள்ளையில் சிவப்போ பச்சையோ கலந்திருந்தால் உள்ளே சரிசெய்ய வேண்டியிருக்கும். அது மெக்கானிக் வேலை. வெளிச்சம் வரவே பல நிமிடம் ஆகி, வெள்ளைப் பகுதி பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால் டியூப் தேய்ந்துவிட்டது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

டியூப் சரி என்றால் இணைப்புக்கு வாருங்கள். செட்டாப் பாக்ஸ் ஆன்டெனா ஒயர் வழியாக வந்தால் அதை மாற்றி மஞ்சள் பின் உள்ள ஏ.வி. ஒயரைப் போடுங்கள். டி.வி.யிலும் பாக்ஸிலும் பச்சை, நீலம், சிவப்பு பின்கள் இருந்தால் இன்னும் நல்லது. முகங்கள் நீளமாகத் தெரிந்தால் பாக்ஸின் மெனுவில் 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள்.

இனி செட்டிங். கலர் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். இதை இரவில், வழக்கமாகப் பார்க்கும் விளக்கு வெளிச்சத்தில் செய்யுங்கள். பெயருக்கு மாறாக, பிரைட்னஸ் தீர்மானிப்பது கறுப்பை. இருட்டான காட்சி ஒன்றை நிறுத்தி வைத்து, கறுப்பு சாம்பலாக வெளுக்காமலும் தலைமுடியின் இழைகள் மறையாமலும் இருக்கும் இடத்தில் விடுங்கள். கான்ட்ராஸ்ட்டுக்கு வெள்ளை வேட்டி கட்டியவர் வரும் காட்சி போதும். வேட்டியின் மடிப்பு தெரியும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பலரும் இதை நூறில் வைத்துவிட்டு டியூபைத் தேய்க்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அப்புறம் பிரைட்னஸை இன்னொரு முறை பாருங்கள், ஒன்றை மாற்றினால் மற்றது கொஞ்சம் நகரும்.

கடைசியாகக் கலரை ஏற்றுங்கள். மனித முகம் இயல்பாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள், பட்டுப்புடவையைப் பார்த்து ஏற்றாதீர்கள். ஷார்ப்னஸைக் குறைவாக வையுங்கள். நம் நாட்டு டி.வி. ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையில் படத்துக்கு மொத்தமே 625 வரிகள்தான். அதில் இல்லாத நுணுக்கத்தை ஷார்ப்னஸ் கொண்டுவராது, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு மட்டும் போடும்.

இத்தனைக்கும் பிறகு செய்தி எழுத்துகள் மசமசவென்று இருந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. பழைய டி.வி. மெக்கானிக்கைக் கூப்பிட்டு உள்ளே இருக்கும் ஃபோகஸ், ஸ்கிரீன் என்ற இரண்டு திருகுகளையும் சரிசெய்யச் சொல்லுங்கள். மூடி திறந்திருக்கும்போதே தூசியைத் தட்டி, டிரை சால்டர், அதாவது ஈயப்பற்று விட்டுப்போன இடங்களையும் மறுபடி பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள்.