இபிசி தேதியை வைத்து வீட்டை எடைபோடும்போது நேரும் தவறுகள்

இங்கிலாந்தில் வீடு தேடுபவர்களிடையே ஒரு குறுக்குவழி புழங்குகிறது. வீட்டு விளம்பரத் தளமான ரைட்மூவில் ஒரு வீடு 'நேற்று சேர்க்கப்பட்டது' என்று வரும். ஏஜென்டை மாற்றினாலே அந்தத் தேதி புதிதாகிவிடும் என்பதால் யாரும் அதை முழுதாக நம்புவதில்லை. அரசின் இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைத் தட்டி, அந்த வீட்டின் எரிசக்திச் சான்றிதழான இபிசியைத் தேடுகிறார்கள். வீட்டை விற்பனைக்கு விளம்பரப்படுத்தும் முன்பே இபிசிக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். சான்றிதழ் மார்ச்சில், விளம்பரம் செப்டம்பரில் என்றால் வீடு ஆறு மாதமாக விலைபோகவில்லை, விலையை அடித்துப் பேசலாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முதல் சறுக்கல் இங்கேதான். இபிசி 10 ஆண்டுகள் செல்லும். 2019இல் எடுத்ததை வைத்தே இன்று விற்கலாம். அதற்கும் இன்றைய விற்பனைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எதற்காக எடுத்தார்கள் என்று பார்க்காதது அதைவிடப் பெரிய தவறு. வாடகைக்கு விடவும் இபிசி வேண்டும்; 2018 ஏப்ரல் முதல் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக, 'ஏ' முதல் 'ஜி' வரையிலான தரவரிசையில் குறைந்தது 'இ' தரம் தேவை. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு போட்டுத் தரும் உதவித் திட்டங்களுக்காகவும் மதிப்பீட்டாளர் வந்து போயிருப்பார். அரசு வெளியிடும் இபிசி தரவுத் தொகுப்பில் விற்பனையா, வாடகையா என்று ஒரு கட்டம் உண்டு. தேதியைவிட அந்தக் கட்டம்தான் அதிகம் பேசும். ஆனால் பலரும் அதுவரை போவதில்லை.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். சான்றிதழ் புதிது, எனவே வீடும் சந்தைக்குப் புதிது என்று நினைப்பார்கள். விற்காமல் கிடந்த வீட்டுக்கு பாய்லரை மாற்றி, தரத்தை உயர்த்தி, மறுபடி சான்றிதழ் வாங்கியிருக்கலாம். சான்றிதழ் பக்கத்தின் அடியில் அதே முகவரிக்கான மற்றச் சான்றிதழ்கள் இருக்கும். ஓராண்டுக்குள் இரண்டு இருந்தால் காரணம் கேளுங்கள். பிரித்துக் கட்டிய ஃபிளாட்களில் '2ஏ' ஓரிடத்திலும் 'ஃபிளாட் 1' இன்னோரிடத்திலும் பதிவாகியிருக்கும் என்பதால், பக்கத்து வீட்டுச் சான்றிதழைப் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

ஸ்காட்லாந்துக்குப் பதிவேடே தனி. அங்கே வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் நாளில், விற்பவர் தரும் வீட்டு ஆய்வறிக்கையான ஹோம் ரிப்போர்ட் 12 வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

தேதி இடைவெளி உண்மையாகவே இருந்தாலும் வீட்டில் குறை என்று பொருளில்லை. மார்ச்சில் விலை பேசி முடித்து, வாங்க வந்தவரின் சொந்த வீடு விற்காமல் ஆகஸ்டில் எல்லாம் முறிந்திருக்கலாம். அப்படிப்பட்ட விற்பனையாளரிடம் விலையை அடித்துக் குறைப்பதைவிட, கையில் பணம் தயாராக இருப்பதைக் காட்டுவதே பலிக்கும்.

ஆகவே ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: முதலில் எப்போது சந்தைக்கு வந்தது, முன்பு வேறு ஏஜென்ட் இருந்தாரா, பேசி முறிந்த விற்பனை உண்டா? வாங்குபவரைத் தவறாக வழிநடத்தச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை என்பதால், எழுத்தில் வரும் பதிலில் மழுப்பல் குறைவாக இருக்கும்.